கட்டடக்கலை மாணவர்களுக்கு நிலவடிவமைப்பு கற்பித்தல்: ஒரு செமஸ்டருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு பயிலும் மாணவர், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் நிலவடிவமைப்பை ஒரு தனிப் பாடமாகச் சந்திக்கிறார். அதற்குள் நான்கைந்து ஸ்டூடியோக்களை, அதாவது வடிவமைப்புப் பயிற்சி வகுப்புகளை, முடித்திருக்கும் அவருக்கு, மனையின் நடுவில் கட்டடத்தை வைத்துவிட்டு எஞ்சிய இடத்தைப் பச்சை வண்ணத்தால் நிரப்பி, அதன்மேல் ஒரே அளவு வட்டங்களை மரம் என்று வரையும் பழக்கம் ஊறிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதே இந்தப் பாடத்தின் முதல் வேலை. செடிகளின் பட்டியலோடும் பூங்காக்களின் படங்களோடும் பாடத்தைத் தொடங்கினால் பழக்கம் இன்னும் உறுதிப்படும். முன்பு பெயரில்லாமல் இருந்த வட்டங்களுக்கு இப்போது பெயர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் நிலத்தின் மட்டம், அடுத்து நீர், பிறகு மண், அதன்பின் மனிதர், அதற்கும் பிறகே கட்டடமும் மரமும். சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், மழைக்காலக் கணக்கை மாற்றிக்கொண்டால் மற்ற ஊர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: பருவத்தையும் மனையையும் தேர்ந்தெடுத்தல்

பாடத்திட்டம் இடம் கொடுத்தால், இந்த ஸ்டூடியோவை ஜூன் அல்லது ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும் செமஸ்டரில் வையுங்கள். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆகஸ்டில் காய்ந்து வெடித்த தரையாக மாணவர் அளந்த அதே மனையை, அக்டோபர் இறுதியில் முழங்கால் நீரில் நின்று அவர் மறுபடி பார்க்கும்போது, ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் பேசினாலும் புரியவைக்க முடியாத ஒன்று தானே புரிந்துவிடும். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் இந்த வாய்ப்பு இல்லை. கோயம்புத்தூர் மழைமறைவுப் பகுதி. அங்கே நீரின் மிகுதியைவிட அதன் பற்றாக்குறையை மையமாக வைத்துப் பாடத்தை அமைக்க வேண்டியிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

மனை ஒன்று முதல் இரண்டு ஏக்கர் போதும். அதைவிடப் பெரிய நிலத்தை மாணவர் கையால் அளக்க முடியாது. கையால் அளக்காத நிலத்தை அவர் செயற்கைக்கோள் படத்திலிருந்து ஊகிக்கத் தொடங்கிவிடுவார். மனையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் மட்ட வேறுபாடு இருக்கட்டும். சென்னை தட்டையான ஊர் என்று தோன்றினாலும் ஏரிக்கரைகள், கோயில் குளங்களின் சுற்றுப்புறம், பரங்கிமலையின் சரிவுகள், பழைய கல்வி வளாகங்கள் ஆகியவற்றில் இத்தகைய இடங்கள் கிடைக்கும். கொடைக்கானலையோ ஊட்டியையோ தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மலைக்காட்சியின் அழகு மாணவரின் வேலையைத் தானே செய்துவிடும். தவிர, பயணச் செலவு காரணமாக ஒருமுறைக்கு மேல் யாரும் அங்கே போகமாட்டார்கள். மாணவர் நினைத்தவுடன் பேருந்தேறிப் போய்வரக்கூடிய, மக்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிற, கொஞ்சம் குப்பையும் கிடக்கிற மனைதான் நல்ல மனை.

மாணவரை அழைத்துச் செல்வதற்கு முன் ஆசிரியர் தனியாகப் போய் ஒருமுறை சுற்றிவர வேண்டும். நீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, எந்த மரம் எவ்வளவு வயது, உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கியாயிற்றா என்பவை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மட்டம் அளத்தல்

செமஸ்டரின் முதல் மூன்று வாரங்களை இதற்கே ஒதுக்குங்கள். அதிகம் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தேவையானவை: கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய டியூப் ஒன்று, அளவு நாடா, முளைகள், கயிறு, சுண்ணாம்புத்தூள், கடப்பாரை, மண்வெட்டி. ஆட்டோ லெவல் கருவி கல்லூரியில் இருந்தாலும் முதல் நாள் அதைக் கொண்டுபோக வேண்டாம். டியூபின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்து, ஒரு முளையின் உயரத்தை அடுத்த முளைக்குக் கடத்தும்போதுதான் மட்டம் என்பது கண் சொல்லும் பொய்யிலிருந்து வேறானது என்று மாணவருக்கு விளங்குகிறது. டியூபுக்குள் காற்றுக்குமிழ் தங்கியிருந்தால் அளவு தவறும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மனையை ஐந்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் மட்டத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அசையாத ஒரு பொருளை, எடுத்துக்காட்டாக ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரையோ ஒரு கோயில் படியையோ, 10.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு மற்ற மட்டங்கள் அனைத்தையும் அதிலிருந்து கணக்கிடலாம். பிறகு வகுப்புக்குத் திரும்பி, சமவுயரக் கோடுகளை, ஸ்டூடியோ வழக்கில் காண்டூர்களை, கையால் வரைய வேண்டும். ஐந்து மீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளின் மட்டம் 10.30, 10.80 என்றால், 10.50 கோடு முதல் புள்ளியிலிருந்து இரண்டு மீட்டரில் செல்லும். இந்தச் சிறிய விகிதக் கணக்கை நூறு தடவை போட்டவருக்கு, கோடுகள் நெருங்கினால் சரிவு கூடும், விலகினால் குறையும் என்பதை விளக்கவே தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் வரும் பிழைகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டு காண்டூர்கள் ஒன்றையொன்று வெட்டும். ஒரு கோடு வெட்டவெளியில் திடீரென்று நின்றுவிடும். பள்ளமும் மேடும் ஒரே மாதிரி வரையப்பட்டு எது எதுவென்று தெரியாமல் போகும். கட்டடத்தை வைத்த பிறகும் அதன் அடியில் பழைய கோடுகள் அப்படியே ஓடும். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் ஆழமான பிழை. கட்டடம் வந்தால் தரை மாறும், தரை மாறினால் கோடு மாறும் என்ற எண்ணம் அங்கே இன்னும் பிறக்கவில்லை. ஏற்கெனவே உள்ள கோடுகளைப் புள்ளிக்கோடாகவும், புதிதாக அமையும் கோடுகளை முழுக்கோடாகவும் ஒரே தாளில் வரையும் மரபை இந்த வாரத்திலேயே கட்டாயமாக்குங்கள்.

அடுத்து 1:200 அளவில் மாடல். அட்டை அடுக்குகளால் ஒன்று, ஈரக் களிமண்ணால் ஒன்று. அட்டை மாடல் துல்லியத்துக்கு. களிமண் மாடல் மாற்றிப் பார்ப்பதற்கு. களிமண் மாடலை ஒரு தட்டில் வைத்துத் தெளிப்பானால் நீர் தெளித்தால், நீர் எங்கே ஓடித் தேங்குகிறது என்பது உடனே தெரியும். தாளில் வரைந்த வடிகால் பாதையும் தட்டில் ஓடிய பாதையும் வேறுபட்டால், மறுபடி மனைக்குப் போய் அந்த இடத்தின் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: நீர்க்கணக்கு

நிலவடிவமைப்பில் எண்கள் கிடையாது என்ற எண்ணத்தோடு வரும் மாணவருக்கு இந்த வாரம் கசக்கும். அடிப்படை எளியது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஓர் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் நிலத்தில் 100 மி.மீ. மழை பெய்கிறது என்று கொள்வோம். கட்டடம் இல்லாத மண்தரை அதில் கால்பங்கை வெளியே விடுகிறது என்று எடுத்துக்கொண்டால் 1,00,000 லிட்டர் ஓடும். பாதி நிலத்தைக் கூரையும் தளமும் மூடிவிட்டால், அந்தப் பாதியில் விழுவதில் 85 விழுக்காடு ஓடி 1,70,000 லிட்டர் ஆகும். மீதிப் பாதி மண்ணிலிருந்து 50,000 லிட்டர் சேரும். மொத்தம் 2,20,000 லிட்டர். மாணவர் வரைந்த அந்தக் கட்டடம், ஒரே மழையில் 1,20,000 லிட்டர் நீரைக் கூடுதலாகத் தெருவுக்குத் தள்ளியிருக்கிறது. அது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பத்து.

இந்த எண்ணை ஒவ்வொரு மாணவரும் தம் மனைக்குக் கணக்கிட்டு, தம் பிளானின் மூலையில் எழுத வேண்டும். அடுத்த கேள்வி: அந்தக் கூடுதல் நீரை உங்கள் மனைக்குள்ளேயே எங்கே நிறுத்துவீர்கள்? 30 செ.மீ. ஆழமுள்ள ஒரு தாழ்வான புல்வெளியில் நிறுத்துவதென்றால் 400 சதுர மீட்டர், அதாவது மனையில் பத்தில் ஒரு பங்கு தேவை. அந்தப் பத்தில் ஒரு பங்கு மனையின் தாழ்ந்த மூலையில்தான் இருக்க முடியும். அப்படியானால் கட்டடத்துக்கு அந்த மூலை இல்லை. கட்டடத்தின் இடத்தை நிலம் தீர்மானிக்கிறது என்ற கொள்கையை விரிவுரையாக நடத்துவதைக் காட்டிலும், இந்தக் கணக்கின் மூலம் மாணவர் தாமே அங்கே வந்து சேரச் செய்வது மேல்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பெரும்பாலான மாணவர் வரைபடங்களில் அது மூலையில் ஒரு சிறு வட்டமாக முடிந்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது; மேலே செய்த கணக்கை இந்த எண்ணை வைத்து மறுபடி செய்யச் சொன்னால் அந்தச் சிறு வட்டத்தின் போதாமை தெரியும். 49 செ.மீ. மழையை எந்த மனையும் முழுவதுமாகத் தாங்கிக்கொள்ளாது. ஆகவே மிஞ்சும் நீர் யாருக்கும் சேதமில்லாமல் வெளியேறும் வழியையும் வரைந்தாக வேண்டும். நம் ஏரிகளைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். பாசனத்துக்கு மதகு, மிகைநீருக்குக் கலிங்கு, ஒரு ஏரியின் கலிங்கிலிருந்து வழியும் நீர் அடுத்த ஏரிக்கு என்று அமைந்த சங்கிலித்தொடரை, ஒரு நாள் நடந்து பார்க்கும் பயணமாக வைத்துக்கொள்ளலாம். அப்படி நடந்தால், பல இடங்களில் வாய்க்காலுக்கு மேல் என்ன கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க நேரும். தென்சென்னையின் நீர் வந்து சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பயணத்தை அதன் விளிம்பில் முடிப்பது பொருத்தமாக இருக்கும்.

நான்காம் படி: மண்

இதற்கு ஒரு வாரம் போதும், ஆனால் கையை அழுக்காக்காமல் முடியாது. ஒவ்வொரு குழுவும் ஒரு மீட்டர் ஆழக் குழி தோண்டி, அதன் பக்கச் சுவரை அளந்து வரைய வேண்டும். மேல்மண் எத்தனை செ.மீ., அடியில் களியா மணலா, கட்டட இடிபாடு எந்த ஆழம் வரை கிடக்கிறது என்பவை அந்தப் படத்தில் வரும். நகர மனைகளில் முதல் அரை மீட்டர் பெரும்பாலும் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்குமாகவே இருக்கும். அதுவும் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பே.

கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்திலும் வண்டல் சில மணி நேரத்திலும் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் தடிமனை அளந்தால் மண்ணின் தன்மை தெரியும். தோண்டிய குழியில் நீரை ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். திருவான்மியூர்க் கடலோர மணலில் நீர் நிற்காமல் இறங்கிவிடும்; களிமண் பகுதிகளில் மறுநாள் காலையிலும் நிற்கும். களிமண் மனைக்கு, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ஊறுகிணறு வரைந்து வைத்த மாணவரிடம் இந்தச் சோதனையின் முடிவை மட்டும் கேட்டால் போதும்.

ஏற்கெனவே நிற்கும் மரங்களையும் இந்த வாரத்திலேயே பதிவு செய்ய வேண்டும்: இடம், அடிமரச் சுற்றளவு, கிளைவிரிவு, அடித்தரையின் மட்டம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிளானில் அதை விட்டுவைத்து, அதைச் சுற்றி அரை மீட்டர் மண்ணை நிரப்பினால் வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். கிளைவிரிவின் எல்லைக்குள் வெட்டவும் கூடாது, நிரப்பவும் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

ஐந்தாம் படி: தாள்களை அடுக்குதல்

சரிவு, நீர், மண், மரம், நிழல், காற்று ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி டிரேசிங் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையை, ஸ்காட்லாந்தில் பிறந்த அமெரிக்க நிலவடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தார். இன்றைய புவித்தகவல் மென்பொருள்களின் அடுக்கு முறைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. முறை நல்லது. நம் கல்லூரிகளில் அது சீரழிந்த விதம்தான் வருத்தம் தருவது: அழகான பகுப்பாய்வுத் தாள்கள் பத்து சுவரில் தொங்கும், அவற்றில் ஒன்றுகூட வடிவமைப்பில் எதையும் தீர்மானித்திருக்காது. சூரியப் பாதைப் படத்தை வரைந்த மாணவரே மேற்கு வெயிலில் கருங்கல் இருக்கையை வைப்பார்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு பகுப்பாய்வுத் தாளின் கீழும், ‘ஆகவே’ என்று தொடங்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதப்பட வேண்டும். ‘வடகிழக்கு மூலை 1.2 மீட்டர் தாழ்ந்து, நவம்பரில் நீர் தேங்குகிறது. ஆகவே அங்கே கட்டடமோ வாகன நிறுத்தமோ இல்லை.’ அப்படி எழுத முடியாத தாளை நீக்கிவிடலாம். மீதமிருக்கும் ‘ஆகவே’க்கள் சேர்ந்ததே வடிவமைப்பின் தொடக்கம்.

ஆறாம் படி: மனிதர்

காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி என மூன்று வேளைகளில், ஒரு வேலைநாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் மனையைப் பார்த்தால் போதுமான செய்தி கிடைத்துவிடும். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த நிழலில் தள்ளுவண்டி நிற்கிறது, எந்தப் பகுதியைப் பெண்கள் மாலைக்குப் பின் தவிர்க்கிறார்கள், புல்லில் ஒற்றையடிப் பாதை எப்படி விழுந்திருக்கிறது என்பவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். வினாத்தாள் கொடுத்துக் கருத்துக் கணிப்பு நடத்துவதைத் தடுத்துவிடுங்கள். ‘பசுமை வேண்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஏழாம் படி: வெட்டுப்படத்திலிருந்து வடிவமைத்தல்

இங்கேதான் வடிவமைப்பு தொடங்குகிறது. பெரும்பாலும் ஏழாம் அல்லது எட்டாம் வாரம். பிளான் வரைய இந்தக் கட்டத்தின் முதல் வாரத்தில் அனுமதிக்க வேண்டாம். மனையைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தது போன்ற மூன்று நீண்ட செக்‌ஷன்களை 1:100 அளவில் வரைந்து, தரை, நீர்மட்டம், மரம், கட்டடம், மனிதர் ஐந்தையும் ஒரே கோட்டில் காட்டச் சொல்லுங்கள். பிளானில் ஒளித்துவைக்கக்கூடிய எதையும் செக்‌ஷனில் ஒளிக்க முடியாது.

கீழ்க்கண்ட அளவுகளை மாணவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். கல்தளத்தில் நீர் வடிய 1:80 அளவிலாவது சரிவு வேண்டும், புல்வெளிக்கு 1:50. சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஆகவே 60 செ.மீ. ஏற 7.2 மீட்டர் நீளம் தேவை. அதையே 1:20 சரிவில் 12 மீட்டர் நடைபாதையாக்கினால், சரிவுப்பாதை என்ற தனிப்பொருளே தேவைப்படாமல் எல்லாரும் ஒரே வழியில் நடக்கலாம். நிலத்தைப் புரிந்துகொண்ட மாணவர் இதைத்தான் தேர்ந்தெடுப்பார். வெளிப்புறப் படிகளுக்கு இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்து 60 முதல் 65 செ.மீ.; 13 செ.மீ. ஏற்றத்துக்கு 36 செ.மீ. மிதி நன்றாக அமையும். மண்ணாலான சரிவில் புல்வெட்டும் பொறி ஓட 1:3 எல்லை. செடியால் மூடிய சரிவுக்கு 1:2. வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் கூடியவரை சமமாக வரட்டும். லாரியில் மண் கொண்டுவரும் ஒவ்வொரு வடிவமைப்பும் வேறெங்கோ ஒரு குழியைத் தோண்டுகிறது.

முன்னுதாரணங்களை இந்தக் கட்டத்தில் காட்டலாம், அதற்கு முன் வேண்டாம். வெர்சாயும் ஜப்பானியத் தோட்டங்களும் வரலாற்று வகுப்பில் வரட்டும். ஸ்டூடியோவுக்கு, மட்டத்தை வைத்து வேலைசெய்த இடங்கள் வேண்டும். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா இலங்கையின் பெந்தோட்டை அருகே 1940களின் இறுதியில் வாங்கிய லுணுகங்கை என்ற தோட்டம் அவற்றுள் தலையானது. ரப்பர் தோட்டமாக இருந்த அந்த நிலத்தில், வீட்டிலிருந்து ஏரியும் தொலைவிலுள்ள தாதுகோபமும் (பௌத்தத் தூபி) தெரிய வேண்டும் என்பதற்காக எதிரிலிருந்த குன்றின் உச்சியையே அவர் தாழ்த்தினார்; நடுவே குறுக்கிடும் பாதை பள்ளத்துக்குள் மறைந்துபோகிறது; குன்றின்மேல் ஒரு மகிழ மரமும் அதனடியில் ஒரு பெரிய தாழியும் கண்ணை நிறுத்துகின்றன. செக்‌ஷன் வரையாமல் இந்தத் தோட்டத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பதால், புகைப்படங்களைப் பார்த்து அதன் செக்‌ஷனை ஊகித்து வரையச் சொல்வது நல்ல பயிற்சி. அகமதாபாத்தில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி தமக்கென்று கட்டிய சங்காத் அலுவலகத்தில், வளைவுக் கூரைகளில் விழும் மழைநீர் திறந்த வாய்க்கால்களில் ஓடிக் குளத்தில் சேர்வதை நுழைவழியிலேயே பார்க்கலாம். கட்டடமும் நீர்வழியும் ஒரே வரைபடத்தில் பிறந்ததற்கு அது சான்று.

உள்ளூரில் ஒப்பிட இரண்டு இடங்கள் உள்ளன. சென்னையில் 2010 நவம்பரில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும், 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட அடையாறு தொல்காப்பியப் பூங்காவும் சில வார இடைவெளியில் மக்களுக்கு வந்தவை. முதலாவது, பழைய டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் அமைந்த தாவரவியல் பூங்கா. காட்சிக்கு வைத்த செடிகளே அதன் உயிர். இரண்டாவது, குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் கழிமுகப் பகுதியைத் தோண்டி, நீர்நிலைகளை மீட்டு, உள்ளூர்த் தாவரங்களை நட்டு உருவாக்கப்பட்டது. அனுமதி முறைகளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே நாளில் பார்த்து, ஒரே அளவில் ஒவ்வொரு செக்‌ஷன் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: தாவரங்கள்

இருபத்தைந்து தாவரங்கள் போதும். ஆனால் அவற்றை உண்மையாக அறிந்திருக்க வேண்டும். நூறு பெயர்களை இணையத்திலிருந்து அட்டவணையாக்கும் மாணவருக்கு, கல்லூரி வாசலில் நிற்கும் மரம் புங்கமா பூவரசா என்று சொல்லத் தெரியாமல் இருப்பதைக் காண்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தேர்ந்து, செமஸ்டர் முழுவதும் இரு வாரங்களுக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து வரைய வேண்டும்: இலை, பட்டை, நிழலின் அடர்த்தி, உதிர்வு, அதில் வரும் பறவை. வகுப்பின் வரைபடங்கள் சேர்ந்தால் அதுவே கல்லூரியின் சொந்தத் தாவரக் கையேடு ஆகிவிடும்.

பட்டியலைப் பெயர்வரிசையில் தராமல் வேலைவரிசையில் தாருங்கள். அடர்நிழலுக்கு வேம்பு, புங்கம், மகிழம். நீர் தேங்கும் இடத்துக்கு நீர்மருது, நாவல். உப்புக்காற்றுக்குப் புன்னை, பூவரசு, தாழை. கோடைப் பூவுக்குச் சரக்கொன்றை. வேலிக்கும் மறைப்புக்கும் நொச்சி, ஆடாதோடை. கரையைப் பிடித்துவைக்கப் பனை. முதல் தாளில் ஐந்திணைப் படம் போடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. போடட்டும், ஆனால் ‘நெய்தல்’ என்று எழுதி அலை வரைந்தவர், நடவுத் திட்டத்தில் புன்னையையும் தாழையையும் வைக்காமல் அலங்காரப் பனைகளை வைத்திருந்தால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. விரைவாக வளரும் அயல் மரங்கள், தளத்தால் இறுகிய வேர்க்குழிகள், கேபிள் பதிக்க வெட்டப்பட்ட வேர்கள் என்று காரணங்கள் பல. அதை வைத்து மரக்குழியைப் பற்றிப் பேசலாம்: நடைபாதை மரத்துக்குத் திறந்த மண் எவ்வளவு, அருகில் செல்லும் குழாய் எவ்வளவு தூரம், தளத்தின் எடை வேரின்மேல் விழாமல் இருப்பது எப்படி. இந்த மரக்குழியை 1:20 அளவில் வரைவது, நடவுப் பிளானைவிடக் கூடுதல் மதிப்பெண்ணுக்கு உரிய வேலை.

பிறகு காலம். தூங்குமூஞ்சி மரம் இருபது மீட்டருக்கு மேல் விரியும். புங்கம் ஏறக்குறைய எட்டு மீட்டர். எல்லாவற்றையும் ஒரே வட்டமாக வரைவதைத் தடுக்க, ஒரே செக்‌ஷனை நட்ட ஆண்டு, பத்தாம் ஆண்டு, இருபத்தைந்தாம் ஆண்டு என மூன்றுமுறை வரையச் சொல்ல வேண்டும். நட்ட ஆண்டுப் படத்தில் நிழலே இருக்காது. அந்த இடைக்காலத்துக்கு என்ன செய்வீர்கள், பந்தலா, கொடியா, விரைவாக வளர்ந்து பின் அகற்றப்படும் மரமா என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கும். புல்வெளியையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: கோடையில் சென்னைப் புல்வெளி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் கேட்கும், 500 சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். அந்த நீர் எங்கிருந்து வரும் என்று பிளானிலேயே எழுதச் சொன்னால், பலரது புல்வெளி அடுத்த வாரத்துக்குள் பாதியாகிவிடும்.

1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் செம்மண் மேட்டில், அரித்துப்போன நிலத்தில் மரம் நிலைக்க வரப்புகளும் தடுப்புகளும் அமைத்து நீரையும் மண்ணையும் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. இன்று அங்கே வெப்பமண்டல உலர் பசுமைக்காட்டின் இனங்கள் மீண்டு நிற்கின்றன. ஒரு நாள் பயணத்தில் பார்த்துவரலாம்.

ஒன்பதாம் படி: கையால் கட்டுதல்

வளாகத்துக்குள் ஏதேனும் ஒன்றை உண்மை அளவில் கட்ட வேண்டும். மூன்று படிகள், பத்து மீட்டர் திறந்த வாய்க்கால், ஒரு மரக்குழி, இவற்றில் ஒன்று போதும். ஒரு கொத்தனாரையும் ஒரு தோட்டக்காரரையும் முறையாகக் கூலி கொடுத்து ஆசிரியர்களாக அழையுங்கள். ரசமட்டத்தைக் கல்லின்மேல் வைத்து, சரிவு போதாது என்று கொத்தனார் கல்லைப் பெயர்த்தெடுக்கும்போது 1:80 என்ற எண்ணுக்கு உடல் கிடைக்கிறது. வேலை அக்டோபர் நடுவில் முடிந்துவிட வேண்டும். மழை வந்து அதைச் சோதிக்கட்டும்.

பத்தாம் படி: மதிப்பீடு

மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாணவரின் உழைப்பும் போகும். நூற்றுக்கு, மட்ட அளவீடும் காண்டூர் மாடலும் 20, நீர்க்கணக்கும் வடிகால் திட்டமும் 20, புதிய மட்டங்களைக் காட்டும் பிளானும் செக்‌ஷன்களும் 25, தாவரக் குறிப்பேடும் நடவுத் திட்டமும் 15, கட்டிய வேலை 10, பராமரிப்புத் தாள் 10 என்று பிரிக்கலாம். கணினியில் செய்த முப்பரிமாணப் படத்துக்குத் தனி மதிப்பெண் எதுவும் வேண்டாம். வேண்டுமென்றால் போடட்டும், ஆனால் அதிலுள்ள மரங்களின் பெயர் கேட்கப்படும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இறுதி ஜூரியில், அதாவது மாணவரின் வேலையை மதிப்பிடும் குழுவில், ஒரு தோட்டக்கலை வல்லுநரும், முடிந்தால் அந்த மனையைப் பராமரிக்கும் ஊழியர் ஒருவரும் அமர வேண்டும். ஜூரி கேட்க வேண்டிய கேள்விகள் நான்கைந்துதான். இந்த மூலையில் விழும் மழைத்துளி எந்த வழியே மனையை விட்டு வெளியேறும், விரலை வைத்துக் காட்டுங்கள். இந்த வாசற்படியின் மட்டம் என்ன, சாலையின் மட்டம் என்ன? இந்த மரம் யார் பொறுப்பில் முதல் இரண்டு கோடைகளைக் கடக்கும்? உங்கள் கட்டடத்தை ஐந்து மீட்டர் நகர்த்தினால் எது கெடும்? கடைசிக் கேள்விக்கு ‘எதுவும் கெடாது’ என்று விடை வந்தால், அந்தக் கட்டடம் இன்னும் நிலத்தில் இறங்கவில்லை.

பராமரிப்புத் தாளைப் பற்றி ஒரு சொல். அது ஒரு பக்கம்தான்: மாதவாரியாக என்ன வேலை, எத்தனை ஆள், எவ்வளவு நீர், வாய்க்காலில் மண்ணை யார் எடுப்பது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வடிகால்களைத் தூர்வாரும் வேலை அதில் எழுதப்படாமல் இருந்தால் தாளை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

செமஸ்டர் முடிந்ததும் மட்டப் பதிவுகள், மண்குழிப் படங்கள், மரங்களின் சுற்றளவுப் பட்டியல் ஆகியவற்றைத் துறை நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே மனையைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். முந்தைய வகுப்பின் வடிவமைப்பைப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் தேவையற்றது. முந்தைய வகுப்பின் மட்ட அளவுகளைச் சரிபார்ப்பதே புதிய வகுப்பின் முதல் வாரப் பணியாக இருக்கட்டும்.